"வேலைதானே போயிற்று?"

கேள்வி: 1950களில் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்ட நடிகர்கள் பலரை யாரும் சிறையில் போடவில்லை. டிவியில் வேலைதானே போயிற்று? நாடக மேடை திறந்துதானே இருந்தது? இதைப் போய்க் கொடுமை என்று எழுதுகிறீர்களே?

பதில்: மேடை திறந்துதான் இருந்தது. நியூயார்க்கின் பிராட்வே நாடகம் டிக்கெட் வாங்குகிறவர் பணத்தில் நடந்தது; டிவி விளம்பரக் கம்பெனியின் பணத்தில் நடந்தது. கம்பெனியைப் பயமுறுத்த நாலு கடிதம் போதும். சரி, 'வேலைதானே' என்கிறீர்கள். பிலிப் லோப் கதையைக் கேளுங்கள்.

பல வருடம் மேடையில் நின்ற நடிகர். ஒத்திகை நாட்களுக்கும் சம்பளம் வேண்டும் என்று நடிகர் சங்கத்தில் மல்லுக்கட்டியவர். 1949ல் 'தி கோல்ட்பெர்க்ஸ்' டிவி தொடரில் குடும்பத் தலைவர் ஜேக்காக வீடு வீடாகத் தெரிந்த முகமானார். அடுத்த ஜூனில் 'ரெட் சேனல்ஸ்' என்ற சிறு புத்தகம் வந்தது. அதில், கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று 151 பெயர்கள். லோபின் பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும், எந்த அமைப்போடு பழகினார், எதில் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு பட்டியல். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. தான் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரே அல்ல என்றார் லோப். அதனால் ஒன்றும் மாறவில்லை. விளம்பரம் தந்த ஜெனரல் ஃபுட்ஸ் அவரை நீக்கச் சொன்னது. தொடரை எழுதி நடித்த கெர்ட்ரூட் பெர்க் முடியாது என்று நின்றார். 1951ல் தொடரே நின்றது. மறுவருடம் வேறு சேனலில் திரும்பி வந்தபோது லோப் இல்லை.

லோபுக்கு மனநோயாளியான ஒரு மகன். தனியார் மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொல்கிற மேடையில் அவ்வப்போது வேடம் கிடைக்கத்தான் செய்தது, ஆனால் அந்த வருமானம் மருத்துவமனைச் செலவுக்குப் போதவில்லை. பையனை அரசு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தது. ஒரு தகப்பனிடம் போய் 'வேலைதானே' என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1955 செப்டம்பர் 1 அன்று நியூயார்க் டாஃப்ட் ஹோட்டலில் வேறு பெயரில் அறை எடுத்துத் தற்கொலை செய்துகொண்டார். வயது 64.

ஆறு வாரம் கழித்து அவருடைய நண்பர், நடிகர் சீரோ மோஸ்டல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு முன் உட்கார்ந்து, மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். மோஸ்டலை மேடை காப்பாற்றியது. 1961ல் நாடகத்துக்கான டோனி விருதே வாங்கினார். அப்புறம் 1976ல் 'தி ஃபிரண்ட்' படத்தில், கறுப்புப் பட்டியலால் வேலை இழந்து ஹோட்டல் அறையில் உயிரை விடும் நடிகராக நடித்ததும் அவர்தான்.