அரசியலமைப்பும் பூர்வகுடி உடன்படிக்கைகளும்: பேராசிரியர் பணி குறித்த கேள்வி பதில்

கனடாவில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர், அரசும் பூர்வகுடி மக்களும் காணி குறித்துச் செய்த உடன்படிக்கைகளை ஆராயும் இத்துறை பற்றிக் கேட்டவர்களுக்கு எழுதிய பதில்கள்.

கேள்வி (ஸ்காபரோ): ஐயா, பூர்வகுடி உடன்படிக்கைகளை ஆராய வேண்டும் என்கிறாள் மகள். அதற்குச் சட்டம் அல்லவா படிக்க வேண்டும்?

பதில்: சட்டம் படித்தால் நல்லது; கட்டாயமில்லை. வழக்காடுவது சட்டத்தரணியின் வேலை. அந்த வழக்கு எந்த அரசியலிலிருந்து கிளம்பியது, தீர்ப்பு வந்தபின் அரசுகள் அதை எப்படி நிறைவேற்றின அல்லது தட்டிக்கழித்தன என்பதை ஆராய்வது எங்கள் வேலை. 2024 தொடக்கத்தில் மறைந்த பீற்றர் ரசலைப் பற்றி மகளை வாசிக்கச் சொல்லுங்கள். 1958 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கிய அவர், நீதிமன்றங்களின் அரசியலை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1990 இல் கியூபெக்கின் ஓகாவில் பூர்வகுடியினரின் காணிப் பிணக்கு இராணுவத்தை இறக்கும் அளவுக்கு முற்றிய பின், பூர்வகுடி மக்கள் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவில் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு வடக்கே தேச்சோ என்னும் பூர்வகுடி மக்களிடம் மத்திய அரசின் தூதராகச் சென்றார். நூலகத்தோடு நின்றுவிடும் தொழில் அல்ல இது. ஒன்று மட்டும்: உடன்படிக்கையின் அச்சிட்ட வாசகத்தை மட்டும் படித்துவிட்டு ஆய்வு எழுத வரவேண்டாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி (மொன்றியல்): அரசியலமைப்பு வேறு, உடன்படிக்கை வேறு. இரண்டையும் ஒருவரே ஏன் கற்பிக்கிறார்?

பதில்: 1982 இல் அவை ஒன்றாகிவிட்டன. அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு உடன்படிக்கை உரிமைகளை ஏற்று உறுதிசெய்தது. ஆனால் அவை எவை என்று வரையறுக்கவில்லை. வரையறுப்பதற்காக 1983 முதல் 1987 வரை முதலமைச்சர்களும் பூர்வகுடித் தலைவர்களும் கூடிய மாநாடுகள் முடிவின்றிக் கலைந்ததால், அந்தப் பொறுப்பு உச்ச நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது.

கேள்வி (லண்டன்): இலங்கையின் 13ஆவது திருத்தம் பற்றி உங்கள் கருத்து?

பதில்: என் துறை அன்று. இலங்கை அரசியலமைப்பைக் கற்பிப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (மார்க்கம்): கையெழுத்து வைத்தார்கள், காசும் வாங்கினார்கள். விற்ற காணிக்கு இன்னும் ஏன் வழக்கு?

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வட ஒன்ராறியோவின் 9ஆம் உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். அதன் வாசகம் 1905 இல், கையெழுத்து வாங்க அரசு அனுப்பிய ஆணையர்கள் படகேறுமுன்பே முடிவாகிவிட்டது. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஒஸ்னபேர்க் என்ற இடத்தில், பார்வை இழந்த பூர்வகுடித் தலைவர் மிசபே எழுந்து, கையெழுத்திட்டால் ஒதுக்கிய நிலத்துக்குள் அடைக்கப்படுவோமோ, வேட்டையும் மீன்பிடியும் போய்விடுமோ என்று கேட்டார். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று ஆணையர்கள் பதில் சொன்னதாக அவர்களுடைய சொந்த அறிக்கையே பதிவு செய்கிறது. கையெழுத்தான தாளிலோ, குடியேற்றம், சுரங்கம், மரம் வெட்டுதல் முதலியவற்றுக்கு அரசு எடுக்கும் நிலங்களில் வேட்டை உரிமை இல்லை என்று இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் ஆணையராகச் சென்ற மக்மார்ட்டினின் நாட்குறிப்பும், முன்போலவே வேட்டையாடலாம் என்று வாய்மொழியாக உறுதி கொடுக்கப்பட்டதைக் காட்டுகிறது. நீங்கள் சொல்லும் காசு, ஆளுக்கு முதலில் 8 டொலர், பிறகு ஆண்டுக்கு 4 டொலர். இதை விற்பனை என்று நீங்கள் அழைக்கலாம், நான் அழைக்கமாட்டேன்.

கேள்வி (மார்க்கம், மீண்டும்): வாயால் சொன்னதெல்லாம் சட்டமாகுமா? அப்படியானால் எழுபது எண்பது வருடம் ஏன் வாய் மூடி இருந்தார்கள்?

கேள்வி (எட்மன்டன்): மார்க்கம் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறதே!

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். உடன்படிக்கை செய்தபோது வாய்மொழியாகத் தரப்பட்ட உறுதிகளுக்குப் பெரிய முக்கியத்துவம் உண்டு என்று 1996 இல் பாட்ஜர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுவருடம் டெல்கமூக் வழக்கில், வாய்வழி வரலாற்றுக்குச் சாட்சியமாக உரிய இடம் தரவேண்டும் என்றது. அவர்கள் வாய் மூடியும் இருக்கவில்லை. உரிமைக் கோரிக்கைக்காக அனுமதியின்றிப் பணம் திரட்டுவதையே பூர்வகுடியினருக்கான கனடாவின் ‘இந்தியச் சட்டத்தில்’ (Indian Act) 1927 இல் சேர்த்த பிரிவு ஒன்று குற்றமாக்கியது. 1951 வரை அது நீடித்தது. கட்டணம் கொடுக்க வழியில்லாதவனைப் பார்த்து நீதிமன்றத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? அச்சிட்ட வாசகத்தோடு நின்றுவிடாதீர்கள் என்று மேலே எழுதியது மாணவிக்கு மட்டுமல்ல, அண்ணாமாருக்கும்தான்.

கேள்வி (ஏஜாக்ஸ்): ஸ்காபரோவுக்கு, ரொறன்ரோ நிலத்துக்கான பழைய உடன்படிக்கையான ரொறன்ரோ கொள்முதல்தானே பொருந்தும்?

பதில்: இல்லை. 1923 இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள். அவற்றைப் பற்றிய நீண்ட வழக்கு 2018 இல் இணக்கத்துக்கு வந்தது. மத்திய அரசும் ஒன்ராறியோ அரசும் சேர்ந்து 111 கோடி டொலர் கொடுத்தன.

கேள்வி (பிரம்ப்டன்): படித்து முடித்தால் வேலை உண்டா? சம்பளம் எவ்வளவு?

பதில்: நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் குறைவு, எனவே உடன்படிக்கைப் பேச்சுகளுக்கு ஆராய்ச்சியாளர்களை அமர்த்தும் அரசுத் திணைக்களங்களையும் பூர்வகுடி அரசுகளையும் பாருங்கள்.

கேள்வி (மிசிசாகா): பேராசிரியருக்குச் சம்பளம் எவ்வளவு என்று சொல்லவில்லையே?

பதில்: ஆண்டுக்கு 1,00,000 டொலரோ அதற்கு மேலோ பெறும் பொதுத்துறை ஊழியர்களின் பெயரையும் சம்பளத்தையும் ஒன்ராறியோ அரசு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. பல்கலைக்கழகங்களும் அதில் அடக்கம். தேடிப் பாருங்கள், இனிச் சம்பளக் கேள்விக்கு நான் பதில் எழுதமாட்டேன்.