அம்மாயி போர்வைக்கு ஒரு நகல்
ஊசி நூல்: வாசகர் கேள்வி – பதில்

அம்மாயி தைத்த ஒட்டுப் போர்வை கிழியத் தொடங்கிவிட்டது. அதே மாதிரி இன்னொன்று தைக்க எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, கோபி)

எதையும் பிரிக்காதீங்க. தரையில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் போர்வையைப் பரப்புங்க. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளங்க. பழந்துணி இழுபட்டிருக்கும், மூன்றும் ஒன்றாக வராது. ஒட்டுத் துண்டிலும் பத்தையாவது அளந்து, அடிக்கடி வருகிற அளவையே எடுத்துக்கணும். பழைய எக்ஸ்ரே ஷீட்டில் அந்த அளவுக்கு அச்சு வெட்டி, துணியின் பின்பக்கம் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்க. கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டணும், தையல் கோட்டின் மேலேயே ஓடணும். துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினால், இருபது துண்டு சேரும்போது 2 சென்டிமீட்டர் கோணல்.

மேல்துணிக்குப் பாப்ளினோ மெல்லிய சேலைத் துணியோ போதும். சென்னிமலை பெட்ஷீட் தடிமன், ஊசி இறங்காது. திருப்பூர் பனியன் வெட்டுத்துண்டு சும்மா கிடைத்தாலும் வேண்டாம், இழுபடும். எதுவானாலும் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்க.

உள்ளே இலவம் பஞ்சு வைத்தேன். தையல் அடிப்பக்கம் விட்டுவிட்டு விழுகிறது, பஞ்சும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. (வாசகி, பெருந்துறை)

இலவம் பஞ்சு வழுவழுப்பானது, இழையோடு இழை பிடிக்காது. அது தலையணைக்கு. போர்வைக்குள் கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டி இரண்டு மடிப்பு வையுங்க. மேல்துணி, வேட்டி, அடித்துணி என மூன்றடுக்கையும் சுருக்கமில்லாமல் பரப்பி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நாலு அங்குல இடைவெளியில் பெரிய தையலாகத் தற்காலிகமாக நூல் ஓட்டுங்க. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து நிற்கும்.

தையல் விடுபடுவதற்குத் துணியை மாட்டித் தைக்கும் வளையம்தான் காரணமாக இருக்கும். எம்ப்ராய்டரிக்கு இழுப்பதுபோல் முறுக்கக் கூடாது, நடுவில் கை வைத்தால் துணி கொஞ்சம் தொய்யணும். குட்டை ஊசி, 9ஆம் நம்பர், எடுத்துக்கங்க. அதைச் செங்குத்தாக இறக்குங்க. கீழே வைத்த விரலில் முனை உரசியதும் ஊசியைச் சாய்த்து, அந்த விரலால் துணியை மேலே தள்ளினால் முனை வெளியே எட்டிப் பார்க்கும். மறுபடி நிமிர்த்து இறக்குங்க. மூன்று நாலு தையல் ஊசியில் ஏறிய பிறகு நூலை இழுக்கலாம். நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கங்க. முடிச்சை வெடுக்கென இழுத்தால் அடுக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதைப் பழைய போர்வையில் ஸ்கேல் வைத்து எண்ணுங்க. அதில் ஆறு இருந்தால் ஆறுதான். பத்துப் போட்டால் அழகாயிருக்கலாம், நகலாகாது.

பழைய போர்வையில் கறுப்புத் துண்டுகள் மட்டும் பொடிப்பொடியாக உதிர்கின்றன, ஏன்? (வாசகர், தாராபுரம்)

சாயம்தான். சல்ஃபர் பிளாக் என்ற கந்தகக் கறுப்புச் சாயம் போட்ட துணியில் தங்கும் கந்தகம், வருஷக்கணக்கில் ஈரமும் சூடும் பட்டு அமிலமாகும். பருத்தி அதைத் தாங்காது. இரும்புச் சத்து சேர்த்த பழைய கறுப்பு, பழுப்புச் சாயங்களும் இப்படித்தான் நூலை அரிக்கும். உதிரும் துண்டின்மேல் மெல்லிய நெட் துணி போர்த்திச் சுற்றிலும் தையுங்க. நகலுக்கு, நூலோடு பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயக் கறுப்பாகக் கேட்டு வாங்குங்க. வாங்கிய துணியில் ஒரு துண்டை நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி வைத்து இஸ்திரி போட்டால் சாயம் ஒட்டுதா என்று தெரியும்.

பழசு மாதிரித் தெரிய டீ டிகாஷனில் முக்கலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

வேண்டாம். நிறம் திட்டுத்திட்டாகும், துணியும் நாளடைவில் நொறுங்கும். தைத்து முடித்து ஒருமுறை துவைங்க, கைத்தையலின் சுருக்கம் தானாகவே எழும்பும்.