விஎம்மை நிறுத்தியது யார், எழுப்புவது யார்? ஒரு பேட்ச் ரிவ்யூ, கேள்வி பதில்

எங்கள் கோவை வட்டத்தில் ஒரு தம்பி எழுதிய பேட்ச் (நிரலில் சேர்க்க அனுப்பும் மாற்றம்) இது. விஎம்களை (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓட்டும் கேவிஎம், கியூஇமு, அவற்றுக்குக் கட்டளை தரும் லிப்விர்ட் ஆகியவற்றின் மேல் நாங்களே எழுதி ஓட்டும் மேலாண்மைச் சேவையில், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை அப்படியே பாஸ் செய்யவும் (தற்காலிகமாக நிறுத்தவும்) மறுபடி ரெஸ்யூம் செய்யவும் (விட்ட இடத்திலிருந்து ஓட்டவும்) இரண்டு கட்டளைகள் சேர்த்திருக்கிறார். நான் மெர்ஜ் செய்யாமல் (எங்கள் நிரலோடு சேர்க்காமல்) திருப்பி அனுப்பினேன். எழுதியவரும் மற்றவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சரவணம்பட்டி, பேட்ச் எழுதிய தம்பி: அக்கா, ரெண்டே ஃபங்ஷன்தானுங்க, உள்ள ஆளுக்கு ஒரு லிப்விர்ட் அழைப்பு. இதுக்கு எதுக்குங்க இத்தனை கமெண்ட்?

தம்பி, உங்கள் பாஸிலும் சில குறைகள் உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் ரெஸ்யூம்தான் அதிகம் உறுத்துகிறது. விஎம் நின்றிருந்தால் ஓட விடு, அவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று ஒருக்காகூடப் பார்க்கவில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி ஒரு விஎம்மை பாஸ் செய்துவிட்டு அதன் டிஸ்க் இமேஜை (விஎம்மின் டிஸ்க்காக இருக்கும் ஃபைலை) வேறு ஸ்டோரேஜுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தோம். அதே நேரம் பேக்கப் ஸ்கிரிப்டும் வந்து பாஸ் சொன்னது. ஏற்கெனவே நின்ற விஎம்மை நிறுத்தச் சொன்னால் லிப்விர்ட் பிழை தராது, சரி என்றுதான் திரும்பும். ஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்து ரெஸ்யூம் சொல்லிவிட்டுப் போய்விட்டது, நாங்கள் பாதி நகலில் இருக்கும்போதே விஎம் எழுந்து டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிட்டது. விடிந்து புது இடத்தில் பூட் செய்தால் ஃபைல் சிஸ்டம் சிதைந்து கிடக்கிறது. பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். அன்றைக்கு யாருடைய நிரலையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பிழை இல்லை, அதுதான் என்னை இன்றைக்கும் பயமுறுத்துகிறது.

ஈரோடு: ஏனுங்க அக்கா, அப்போ ஒரு கவுண்டர் வெச்சுட்டா போதாதுங்களா? பாஸ்னா ஒண்ணு ஏத்தறது, ரெஸ்யூம்னா ஒண்ணு இறக்கறது, ஜீரோ ஆனா ஓட விடறது.

சென் ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் இன்னொரு மென்பொருள்) உள்ளுக்குள் அப்படித்தான் எண்ணிக்கை வைத்திருக்கிறது. லிப்விர்ட் எண்ணுவதில்லை, நிலையையும் அதற்கான காரணத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளும். கவுண்டர் தப்பில்லைங்க, ஆனால் பாஸ் சொன்ன ஸ்கிரிப்ட் நடுவிலே செத்துப்போனால் எண்ணிக்கை ஒன்றிலேயே நிற்கும், அந்த ஒன்று யாருடையது என்று ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால் எண்ணுக்குப் பதில் பெயர்ப் பட்டியல் வைக்கச் சொன்னேன்: யார் பிடித்திருக்கிறார்கள், எதற்கு, எத்தனை மணியிலிருந்து. ஒருவர் ரெஸ்யூம் சொன்னால் அவர் பெயர் மட்டும் போகட்டும், பட்டியல் காலியானால் விஎம் ஓடட்டும். இந்தப் பட்டியல் டேட்டாபேஸில் இருக்க வேண்டும். மெமரியில் இருந்தால், சேவையை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் மறந்துபோகும்.

திருப்பூர்: எங்க பக்கம் விஎம் தானாவே பாஸ் ஆகிடுதுங்க, யாரும் கட்டளை குடுக்கலை. அது எப்படிங்க?

ஸ்டோரேஜ் நிறைந்திருக்கும், பாருங்க. எழுத இடமில்லை என்ற பிழை வந்தால் விஎம்மை நிறுத்திவிடுவதுதான் கியூஇமுவின் இயல்பான நடத்தை. விர்ஷில் (லிப்விர்ட்டின் கட்டளைக் கருவி) டோம்ஸ்டேட் கட்டளையை ரீசன் தேர்வோடு போட்டால் ஐஓ எரர் (படிப்பதில் அல்லது எழுதுவதில் பிழை) என்று காரணம் காட்டும். இடம் ஒதுக்கிவிட்டு ரெஸ்யூம் செய்தால் நின்றுபோன எழுத்தை அதுவே மறுபடி முயலும், விஎம் உள்ளே இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அருமையான ஏற்பாடு இது. ஆனால் இடம் ஒதுக்காமலே எழுப்பினால் எழும், நிற்கும். தம்பியின் பேட்சில் ரெஸ்யூம் அழைப்பு திரும்பியதுமே வெற்றி என்று பதிந்துவிடுகிறார், அடுத்த நொடி விஎம் மறுபடி நின்றிருந்தாலும் திரையில் ஓடுவதாகக் காட்டும். லிப்விர்ட் அனுப்பும் நிகழ்வுகளைக் (நிலை மாறியது என்ற அறிவிப்புகளை) கேட்டுத்தான் நிலையை எழுத வேண்டும்.

பீளமேடு: பாஸ் சொன்னதும் உள்ளே நிஜமா என்ன நடக்குதுங்க?

விஎம்மின் ஒவ்வொரு விசிபியுவும் (மெய்நிகர் பிராசஸர்) ஹோஸ்டில், அதாவது விஎம்மைத் தாங்கும் நிஜக் கணினியில், ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலைத் தொடர்). அது கேவிஎம்முக்குள் போய் கெஸ்டின் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) நிரலை ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிக்னல் அனுப்பி வெளியே இழுக்கிறார்கள். எல்லா த்ரெட்டும் நின்றதும், போய்க்கொண்டிருக்கும் டிஸ்க் வேலைகள் முடியக் காத்திருந்து, மிச்சத் தரவை டிஸ்க்குக்குத் தள்ளி ஃப்ளஷ் செய்கிறது கியூஇமு. என்எஃப்எஸ் மாதிரி நெட்வொர்க் ஸ்டோரேஜ் மாட்டிக்கொண்டால் இந்தக் காத்திருப்பு நீளும். பேட்சில் பாஸுக்கு 5 விநாடி டைம்அவுட் (காத்திருப்பின் உச்ச வரம்பு), அது தாண்டினால் தோல்வி என்று எழுதிவிட்டு மேலே போகிறார். விஎம்மோ ஆறாவது விநாடியில் நின்றுவிடும், பட்டியலில் யார் பெயரும் இருக்காது. டைம்அவுட் வந்தால் தோல்வி என்று எழுதாமல் தெரியவில்லை என்று எழுதி, பிறகு நிலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பொள்ளாச்சி: லாக் விஷயத்துல நீங்க போட்ட கமெண்ட் புரியலைங்க.

பாஸ் அழைப்புக்கு முன் எங்கள் சேவை விஎம் லாக்கை (ஒரே நேரத்தில் இருவர் அதைத் தொடாமல் தடுக்கும் பூட்டு) எடுக்கிறது, நிகழ்வு வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கிறது. அந்த நிகழ்வைக் கையாளும் நிரல் பகுதிக்கும் அதே லாக் வேண்டும். ரெண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி அப்படியே நிற்கும். காத்திருக்கும்போது லாக்கை விடுங்கள், திரும்ப எடுத்ததும் விஎம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நடுவில் யாரேனும் அதை அழித்திருக்கலாம்.

சோமனூர், வீட்டில் தறி ஓட்டுகிறவர்கள்: அக்கா, ரெஸ்யூம் ஆனப்புறம் அப்ளிகேஷன் எல்லாம் கண்ட எரர் தருதே?

தறியை நடுவில் நிறுத்தி ஓட்டினால் நூல் அறுந்திருக்காது, ஆனாலும் நின்ற இடத்தில் துணியில் பட்டை தெரியும் இல்லையா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை அம்மிணி. இதிலும் அப்படித்தான். கேவிஎம் தரும் கடிகாரத்தைப் பயன்படுத்தும் கெஸ்டுக்கு நின்ற நேரம் கணக்கிலேயே வராது, அரை மணி நேரம் நிறுத்தினால் அதன் கடிகாரம் அரை மணி பின்னால் நிற்கும். நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைத் திருத்தும் மென்பொருள்களில் என்டிபிடி, வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் இயல்பாகவே வேலையை நிறுத்தி வெளியேறிவிடும். இன்னொன்றான க்ரோனி, பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) வருகிற அமைப்பில், தொடங்கிய முதல் மூன்று அப்டேட்டில் மட்டும்தான் நேரத்தை ஒரே தாவலில் திருத்தும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அதனால் ரெஸ்யூம் முடிந்ததும் கெஸ்ட் ஏஜென்ட் (கெஸ்டுக்குள் ஓடும் உதவி நிரல்) வழியாக நேரத்தைச் சரிசெய்ய வேண்டும், விர்ஷின் டோம்டைம் கட்டளை அதற்குத்தான். பிறகு டிசிபி, அதாவது நெட்வொர்க் இணைப்புகள். எதிர்முனை லினக்ஸ் இயல்பு அமைப்பில் இருந்து, நின்ற விஎம்முக்குத் தரவு அனுப்பிப் பதில் வராவிட்டால், சுமார் 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். அதற்கு மேல் நிறுத்தினால் டேட்டாபேஸ் இணைப்புகள் போகும் என்று பயனருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோபி: பாஸ் பண்ணினா ராம் மிச்சமாகுமுங்களா?

ஆகாதுங்க. மெமரி அப்படியே ஹோஸ்டில்தான் இருக்கும். ராம் வேண்டுமென்றால் டிஸ்க்கில் சேமித்து வைக்கும் மேனேஜ்டுசேவ் வேண்டும், அது வேறு கட்டளை, வேறு ரிவ்யூ.

பெருந்துறை: அப்படி சேமிச்ச ஃபைலை ரெண்டு தடவை எழுப்பினா?

செய்யாதீர்கள். முதல் தடவை ஓடியபோது டிஸ்க் மாறியிருக்கும், பழைய மெமரி அந்த டிஸ்க்கோடு ஒட்டாது. டிஸ்க்கையும் சேர்த்து நகலெடுத்து எழுப்பினாலும் ரேண்டம் எண்களை உருவாக்கும் நிலை ரெண்டிலும் ஒன்றாக இருக்கும், ரகசியக் குறியாக்கச் சாவி உருவாக்கும் இடத்தில் அது ஆபத்து. 2022இல் வந்த லினக்ஸ் 5.18இல் விஎம் ஜெனரேஷன் ஐடிக்கான (விஎம் நகலானதைக் கெஸ்டுக்குத் தெரிவிக்கும் அடையாள எண்) டிரைவர் சேர்ந்தது இதற்காகத்தான்.

சரவணம்பட்டி, மறுபடியும்: சரிங்க அக்கா, எல்லாம் மாத்திடறேன். என்ன டெஸ்ட் போட்டா அப்ரூவ் பண்ணுவீங்க?

இரண்டு பேர் பாஸ் சொல்லி ஒருவர் மட்டும் ரெஸ்யூம் சொன்னால் விஎம் நின்றபடி இருக்க வேண்டும். பாஸ் செய்துவிட்டு உங்கள் சேவையையும் லிப்விர்ட் டீமனையும் (பின்னணியில் ஓடும் நிரல்) கொன்று எழுப்புங்கள், பட்டியல் அப்படியே இருக்க வேண்டும். சின்ன டிஸ்க் ஒன்றை வேண்டுமென்றே நிறைத்து ஐஓ எரரில் நிற்க வைத்து, இடம் கொடுக்காமல் ரெஸ்யூம் சொல்லுங்கள், திரை பொய் சொல்லக் கூடாது. கடைசியாக 20 நிமிடம் நிறுத்தி எழுப்பி கெஸ்ட் நேரத்தைப் பாருங்கள். இந்த நாலும் தேறினால் அனுப்பி வையுங்கள் தம்பி, அன்றைக்குப் பொழுதோட உட்கார்ந்து படித்துப் பார்த்து மெர்ஜ் செய்துவிடுகிறேன்.