‘வீட்டுக்குள் பாதுகாப்பானது’ என்று எழுதி விற்ற சிரட்டைக் கரி: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய என் தம்பி ஹுக்கா (கரிக் கனலில் புகையிலைக் கலவையைச் சூடாக்கி, நீர் வழியே புகையை இழுக்கும் குழாய்க் கருவி) ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் நண்பர்கள் நான்கைந்து பேரும் எங்கள் முன்னறையில் ஏசியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு புகைப்பார்கள். செலவைக் குறைப்பதற்காக இணையத்தில் 3 கிலோ தேங்காய்ச் சிரட்டைக் கரிக் கட்டிகளை 540 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் ‘புகையற்றது, மணமற்றது, வீட்டுக்குள் பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருந்தது. தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இல்லை. சென்ற மாதம் ஒரு கட்டி வெடித்துப் பொறி பறந்ததில் பாய் எரிந்து, தரை டைல்ஸிலும் விரிசல் விழுந்துவிட்டது. அன்றிரவே நண்பர் ஒருவர் தலைவலி, வாந்தியோடு மயங்கி விழுந்தார். தனியார் மருத்துவமனையில் 11,000 ரூபாய் செலவானது. வீட்டு உரிமையாளர் உடனே காலி செய்யச் சொல்கிறார். வீட்டில் ஹுக்கா புகைப்பது குற்றமா? கரி விற்றவரிடம் இழப்பீடு கேட்கலாமா? இனி அறைக்குள் எரிக்க, விலை குறைந்த நல்ல கரியை எப்படிப் பார்த்து வாங்குவது? தலைக்கு 150 ரூபாய் வசூலித்தால் செலவு கட்டுப்படியாகும் என்கிறான் தம்பி. அதில் சிக்கல் உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்றாவதாக இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றவற்றில் தாமதமானால் பணம்தான் போகும், இதில் உயிர் போகக்கூடும். மூடிய அறைக்குள் எரிக்க ஏற்ற கரி என்று ஒன்று இல்லை. மலிவான கரியிலும் இல்லை, விலை கூடிய கரியிலும் இல்லை. நன்றாகச் சுட்ட சிரட்டைக் கரியைத் தூளாக்கி, மரவள்ளி மாவு சேர்த்து இறுக்கி அழுத்திய கட்டிகளில் புகையும் மணமும் சாம்பலும் குறைவு என்பதும், அவை நெடுநேரம் கனலும் என்பதும் உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்துவிட்டதால் கார்பன் மோனாக்சைடு குறைந்துவிடுவதில்லை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் கூடுதலான பற்றுடன் அது ஒட்டிக்கொள்கிறது. ஹுக்காப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதி கரியிலிருந்தே வருகிறது; ஆகவே புகையிலை இல்லாத மூலிகைக் கலவைக்கு மாறினாலும் இந்த ஆபத்து நீங்காது. வீடுகளில் பொருத்தும் ஸ்ப்ளிட் ஏசி அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. உங்கள் நண்பருக்கு வந்த தலைவலி, வாந்தி, மயக்கம் மூன்றும் இந்த நச்சின் அறிகுறிகளோடு பொருந்துகின்றன. அன்று அவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது மிகச் சரியான செயல்.

எனவே எந்தக் கரியை வாங்கினாலும் அதைக் கனலவைப்பதும் பயன்படுத்துவதும் மொட்டை மாடி போன்ற திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும். வாங்கும்போது கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள். 25 மில்லிமீட்டர் கட்டிகளாக இருந்தால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 72 கட்டிகள் இருக்கும். எண்ணிக்கையையும் ஒரு கட்டி எவ்வளவு நேரம் கனல்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் எது உண்மையில் மலிவு என்பது தெரியும். தீக்குச்சி காட்டியவுடன் பற்றிக்கொள்ளும் கரியில் எரிதலைத் தூண்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. சோழவந்தான் பக்கத்திலிருந்து வரும் சிரட்டைக் கரியையோ, இஸ்திரி வண்டிக்காரர்கள் வாங்கும் மூட்டைக் கரியையோ குறைந்த விலைக்கு வாங்கிவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. இஸ்திரிக்காரர் தெருவோரத் திறந்த வெளியில் பயன்படுத்தும் கரி அது. சரியாகக் கரியாகாத துண்டுகளும் ஈரம் ஏறிய துண்டுகளும் அதில் கலந்திருந்தால் புகையும் பொறியும் கூடுதலாகவே வரும். மழைக்காலத்தில் திறந்து வைத்த பெட்டியிலிருந்து எடுக்கும் கட்டிக்கும் இது பொருந்தும்.

இனி குற்றமா என்ற கேள்வி. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003, பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்கிறது. குழாய் முதலிய கருவிகளின் துணையோடு புகைப்பதும் அச்சட்டத்தின்படி புகைத்தல்தான். பொது இடம் என்பது பொதுமக்கள் வந்து போகும் இடம். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறை அந்த வரையறைக்குள் வராது. ஆகவே வயது வந்த நீங்களும் உங்கள் நண்பர்களும் உங்கள் வீட்டுக்குள் ஹுக்கா புகைப்பது, அந்த ஒரு காரணத்தாலேயே குற்றமாகிவிடாது. 18 வயது நிரம்பாத ஒருவர் அந்த வட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். சிறாருக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015, 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் சும்மா பார்க்க வந்தான், ஒரு இழுப்பு இழுத்தான் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. கரித் தொல்லையே வேண்டாம் என்று மின் ஹுக்காவுக்கு மாறும் எண்ணமும் வேண்டாம். மின் சிகரெட்டுகளைத் தடை செய்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின் ஹுக்காவையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது.

தம்பி சொல்லும் 150 ரூபாய் யோசனைதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் புகையிலைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேற்றி, அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றிருக்கிறது. அந்தத் திருத்தத்தின்படி, தமிழ்நாட்டில் எவரும் ஹுக்கா கூடம் திறக்கவோ நடத்தவோ கூடாது. உணவகம் உள்ளிட்ட எந்த இடத்திலும் வாடிக்கையாளர்களுக்கு ஹுக்கா வழங்கவும் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்; பொருட்களைக் காவல் துறை கைப்பற்றவும் முடியும். ‘எந்த இடத்திலும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். வீடு என்பதற்காக அங்கே விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. நெருங்கிய நண்பர்கள் நால்வர் கரிக்கும் கலவைக்கும் ஆன செலவைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதை வாடிக்கையாளருக்கு வழங்குதல் என்று சொல்வது கடினம் என்பதே என் கருத்து. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணம் வைத்து, அதை வாட்ஸ்அப் குழுவில் அறிவித்து, நண்பரின் நண்பர், அவருக்குத் தெரிந்தவர் என்று ஆட்கள் வரத் தொடங்கிவிட்டால், உங்கள் முன்னறைக்கும் ஒரு ஹுக்கா கூடத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய நிலை உங்களுக்கு வந்துவிடும். கைப்பேசியில் வந்த 150 ரூபாய்ப் பணப் பரிமாற்றங்கள் ஒவ்வொன்றும் உங்களுக்கு எதிரான ஆவணமாக நிற்கும். புகைக்கென ஒதுக்கிய அறையில் ஹுக்கா வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னதே என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு இந்தத் திருத்தத்துக்கு முந்தையது. அன்றைய சட்டத்தையும் விதிகளையும் வைத்துச் சொல்லப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டணம் வசூலிப்பது அறிவுடைமை ஆகாது. தம்பியிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வாடகை வீடு உங்கள் பெயரில் இருப்பதால் முதலில் விசாரிக்கப்படுபவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

இழப்பீட்டு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஒரு பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் அதன் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் பொறுப்பேற்க வேண்டிய சூழ்நிலைகளைத் தனி அத்தியாயமாகவே வகுத்திருக்கிறது. சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ இல்லாமல் விற்பது அவற்றில் ஒன்று. வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தாமல் போவது இன்னொன்று. அந்த உத்தரவாதத்தைக் கொடுத்ததில் தான் கவனக்குறைவாக இல்லை என்று தயாரிப்பாளர் நிரூபித்தாலும் அவர் தப்பிவிட முடியாது என்று 84-ஆம் பிரிவு சொல்கிறது. ‘வீட்டுக்குள் பாதுகாப்பானது’ என்ற இரண்டு சொற்களும் அத்தகைய உத்தரவாதமே. தயாரித்தவர் யார் என்று கண்டறிய முடியாதபோது, பொருளை விற்றவரையே பொறுப்பாளியாக்கவும் இச்சட்டம் வழி செய்கிறது. மயங்கி விழுந்த நண்பர் கரியை வாங்கியவர் இல்லையே என்று தயங்க வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மருத்துவச் செலவுக்கு அவரும், டைல்ஸ், பாய் இழப்புக்கு நீங்களும் சேர்ந்து முறையிடலாம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த, வெளிப்படையான ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்பதற்காகத் தயாரிப்பாளர் பொறுப்பாக மாட்டார் என்று அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. நெருப்பு சுடும், கதவைச் சாத்திக் கரி எரிக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்குத்தான் தெரியாது என்று கேட்பார்கள். அந்த ஆபத்து இல்லை என்று பெட்டியில் அச்சிட்டு விற்றவரே, அது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து என்று பின்னர் வாதிட முடியாது என்பதுதான் உங்கள் பதிலாக இருக்க வேண்டும். இந்தப் பதில் வலுவானது என்று நம்புகிறேன். இருந்தாலும் கதவைச் சாத்தியது, பாயின் மேல் வைத்து ஹுக்கா பிடித்தது ஆகியவற்றைக் காட்டி இழப்பீட்டுத் தொகையைக் குறைக்கச் சொல்வார்கள். முழுத் தொகையும் கிடைத்துவிடும் என்று எண்ணியிருக்க வேண்டாம்.

வழக்கின் உயிர்நாடி ஆவணங்களில் இருக்கிறது. மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கத்தையும் (டிஸ்சார்ஜ் சம்மரி) இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் முழுமையாகக் கேட்டு வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு நச்சு என்று மருத்துவர் குறிப்பிட்டிருந்தால் வழக்கில் பாதி வேலை முடிந்துவிடும், இல்லாவிட்டால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். இணையப் பக்கத்தில் அந்த விளம்பரம் இன்னும் இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி, ரசீது, தரையின் புகைப்படங்கள் ஆகியவற்றோடு மீதிக் கரியையும் காற்றுப் புகாத உறையில் வைத்திருங்கள். பொருளின் குறையை ஆய்வகச் சோதனையால்தான் முடிவு செய்ய முடியும் என்றால், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

முதலில் இணையதளத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மின் வணிக விதிகள், 2020-இன்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் அவர் கடமைப்பட்டவர். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். தீர்வு கிடைக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட்டாக வேண்டும். பெட்டியில் தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இல்லாதது பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-க்கு எதிரான தனிக் குற்றம். அதற்கு மதுரையில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும்.

வீட்டு உரிமையாளர் வாய்மொழியாகச் சொன்னதற்காக நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும், சாமான்களை வெளியே வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு பெற்றே அவர் உங்களை வெளியேற்ற முடியும். ஆனால் அவர் கையிலும் ஒரு காரணம் இருக்கிறது. வீட்டுக்குச் சேதம் விளைவிக்கும் பயன்பாட்டை நிறுத்துமாறு நோட்டீஸ் கொடுத்த பின்னும் குடியிருப்பவர் தொடர்ந்தால், அதை வெளியேற்றத்துக்கான காரணமாக 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் ஏற்கிறது. எனவே அவர் நோட்டீஸ் அனுப்பும்வரை காத்திருக்காமல், விரிசல் விழுந்த டைல்ஸை உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். இனி வீட்டுக்குள் கரி எரிப்பதில்லை என்று ஒரு கடிதமும் கையொப்பமிட்டுக் கொடுங்கள். டைல்ஸ் மாற்றிய ரசீது கரி விற்றவருக்கு எதிரான வழக்கில் உங்களுக்கே பயன்படும். உங்கள் வாடகை ஒப்பந்தம் வாடகை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் இந்தச் சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கடிதத்தைக் கொடுத்த பின் அதை மீறக் கூடாது. நெருப்பைக் கவனமின்றிக் கையாண்டு மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். உயிரிழப்பு நேர்ந்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். சென்ற மாதம் வரை பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினேன் என்று நீங்கள் சொல்ல முடிந்தது. ஒருவர் மயங்கி விழுந்ததைக் கண்ட பின்னும் அதே அறையில் கரியைப் பற்றவைத்தால், காவல் நிலையத்திலும் சரி, நுகர்வோர் ஆணையத்திலும் சரி, அந்தப் பதில் உங்களுக்கு இருக்காது.