வயலில் எரியும் வைக்கோல் உலைக்கு ஆகுமா?

கேள்வி: ஐப்பசி பிறந்துவிட்டால் தில்லியில் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. தஞ்சைப் பக்கம் எங்கள் ஊரில் வைக்கோலைப் போர் போட்டு வைத்து ஆண்டு முழுவதும் மாட்டுக்குப் போடுவார்கள். பஞ்சாபில் அதை ஏன் வயலிலேயே கொளுத்துகிறார்கள்? எரிபொருளாக மாற்ற முடியாதா?
– வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: முடியும், மாற்றியும் வருகிறார்கள். பஞ்சாபில் மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல்தான் வழக்கமான தீவனம்; சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) மிகுந்த நெல் வைக்கோலை அங்கே அவ்வளவாக விரும்புவதில்லை. நெல்லை அறுத்த கையோடு கோதுமை விதைக்க மூன்று வாரம் கிடைத்தாலே அதிகம் என்பதால், அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளை வாரிக் கட்டி அப்புறப்படுத்தும் செலவை விவசாயி ஒரு தீக்குச்சியில் மிச்சப்படுத்திவிடுகிறார்.

வைக்கோலை எரிபொருளாக்கும் செய்முறை எளிது. ஈரம் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்தி, அரைத்து, துளையிட்ட எஃகு அச்சின் வழியே மிகுந்த அழுத்தத்தில் தள்ளும்போது எழும் சூட்டில், வைக்கோலிலேயே உள்ள, தாவரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள் இளகித் துகள்களை ஒட்டவைத்துவிடுகிறது. தனியாகப் பசை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. விரல் கனத்தில், மேற்புறம் பளபளக்க வெளிவரும் உருளைக்குப் பெல்லட் என்று பெயர். அதைவிடப் பருமனான கட்டை பிரிக்கெட். லாரி நிறைய ஏற்றினாலும் எடை காட்டாத வைக்கோல் இப்படிச் சுருங்கிய பிறகுதான் தொலைதூரம் கொண்டுபோகக் கட்டுப்படியாகிறது.

சிக்கல் சாம்பலில்தான். நெல் வைக்கோலின் எடையில் 15 சதவீதம் அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். நிலக்கடலைத் தோலில் இவ்வளவு இல்லை. அதோடு பொட்டாசியமும் குளோரினும் கொதிகலன் குழாய்களில் படிந்து அரிக்கும். ஆகவே அனல்மின் நிலையங்களில் நிலக்கரியுடன் சிறு பங்காகவே கலந்து எரிக்கிறார்கள். தில்லிக்கு அருகே தாத்ரியிலுள்ள, மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியின் நிலையம் இதில் முன்னோடி. 2021இல் மத்திய மின் அமைச்சகம் 5 சதவீதக் கலப்பைக் கொள்கையாகவே அறிவித்தது. என் கணிப்பில், ஆலைகளைவிட அவசரமாக வேண்டியவை வைக்கோலைக் கட்டும் பேலர் இயந்திரங்களும், ஓராண்டுத் தேவையைச் சில வாரங்களில் வாங்கி மழையும் தீயும் அண்டாமல் வைக்கும் கிடங்குகளும்தான்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக் காவலாளி இரவில் விறகு மூட்டிக் குளிர்காய்கிறார். அவருக்கு இந்தக் கட்டைகளை வாங்கித் தரலாமா?
– வாசகர், ஆர்.கே. புரம், தில்லி

பதில்: வேண்டாம். காற்றை அளந்து செலுத்தும் உலைக்கென்று செய்யப்பட்டவை இவை. திறந்த தகரச் சட்டியில் போட்டால் விறகைப் போலவே புகையும். காற்று மாசு கூடும் நாட்களில் காவலாளிகளுக்கு மின் ஹீட்டர் தருமாறு குடியிருப்போர் சங்கங்களுக்கு விதியே இருக்கிறது. சங்கச் செயலாளரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.