பேயும் பேருந்தும்

கேள்வி: பேய்ப் படத்தில் முகமெல்லாம் இரத்தமாகப் பேய் வந்து நின்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஒன்றுமே வராத காட்சியில் போர்வைக்குள் புகுந்துகொள்கிறார்கள். இது எப்படி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வந்து நின்றுவிட்ட பேயின் உயரமும் அகலமும் தெரிந்துவிடுவதால், ஒப்பனை எங்கே முடிகிறது என்று கண் தேடத் தொடங்கிவிடுகிறது. 1942இல் வெளிவந்த ‘கேட் பீப்பிள்’ என்ற அமெரிக்கப் படத்தில், இரவு நேரத்தில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரமாக ஒரு பெண் தனியே நடக்க, பொறாமை மூண்டால் கருஞ்சிறுத்தையாக மாறிவிடுவாளோ என்று நாம் சந்தேகிக்கும் இன்னொருத்தி பின்தொடர்கிறாள். பின்னணி இசை இல்லை. இருவருடைய குதிகால் செருப்பொலி மட்டும் மாறி மாறிக் கேட்கிறது. திடீரெனப் பின்னால் வந்த ஒலி நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள். தெருவில் ஒருவரும் இல்லை. அவள் ஓட்டமெடுக்க, விலங்கு சீறுவது போன்ற ஒலியோடு திரைக்குள் பாய்கிறது, ஒரு நகரப் பேருந்து!

பேருந்து நம்மைத் தூக்கிவாரிப் போடுவது ஒரு நொடி வேலை. காதருகே பட்டாசு வெடித்தாலும் உடம்பு அதையே செய்யும். பயம் விளைந்தது செருப்பொலி நின்ற இடத்தில்தான். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பார்களே, இயக்குநர் ஜாக் டூர்னரும் தயாரிப்பாளர் வால் லூட்டனும் முதலில் நம்மை அரண்டவர்களாக்கிவிட்டார்கள். அதன்பின் இருட்டே போதுமானதாக இருந்தது. (குறைந்த செலவில் எடுத்த படம் என்பதால் இருட்டு அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.) பிற்காலத்து இயக்குநர்களில் பலர் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு செருப்பொலியை விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம். உங்கள் பிள்ளைகள் சிரிப்பதில் தவறே இல்லை.

கேள்வி: ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் பயம் போய்விடுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பெரும்பாலும் போய்விடும். ‘சைக்கோ’ (1960) படத்தின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதையும் மீறி, வயலின்கள் கிறீச்சிடும் அந்த இசையை எழுதிப் போட்டுக் காட்டிய பிறகே மனம் மாறினார். ஒலியின்றிப் பார்த்தால், திரைச்சீலையின் வளையங்கள் ஒவ்வொன்றாகக் கழல்வதை நிதானமாக எண்ணிக்கொண்டிருக்கலாம். ‘கேட் பீப்பிள்’ காட்சியிலோ எண்ணுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சாது. ஒரு பெண் அவசரமாகப் போய்ப் பேருந்து ஏறுகிறாள், அவ்வளவுதான்.