14ஆம் எபிசோடில் ஏன் பிரிகிறார்கள்? கொரியக் காதல் தொடர்கள்: கேள்வி பதில்

கொரியக் காதல் தொடர்களில் அறிவுக்குப் பொருந்தாத திருப்பங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை கோபத்தோடு எழுதப்பட்டிருந்தன. அந்தக் கோபம் நியாயமானது என்றே கருதுகிறேன். இருபது ஆண்டுகளாக இத்தொடர்களைப் பார்த்து வருபவள், கொரிய மொழியை ஓரளவு கற்றவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சில தொடர்களின் முடிவுகளைச் சொல்லாமல் விளக்க முடியாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, 13 எபிசோடு வரை புத்திசாலியாக இருந்த நாயகன், 14ஆம் எபிசோடில் காரணம் எதையும் சொல்லாமல், "உன் நன்மைக்காகத்தான்" என்று பிரிந்து போய்விடுகிறான். உட்கார்ந்து பேசினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் சிக்கலுக்காக இரண்டு வாரம் அழ வைக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இது தெரியாதா? (மதுரை வாசகி)

பதில்: நன்றாகவே தெரியும். கொரியப் பார்வையாளர்கள் இத்தகைய கட்டங்களைக் 'கோகுமா' என்று அழைக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்பது அதன் பொருள். அவித்த கிழங்கைத் தண்ணீர் குடிக்காமல் தின்றால் நெஞ்சை அடைக்குமே, அந்த அடைப்பைத்தான் குறிக்கிறார்கள். அடைப்பு நீங்கும்படி ஒருவர் உண்மையைப் போட்டு உடைக்கும் காட்சிக்குச் 'சைடா' என்று பெயர். அது அங்கே விற்கும் எலுமிச்சைச் சுவையுள்ள சோடா.

காரணம் தொடரின் அளவில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம், மொத்தம் 16 எபிசோடு என்பதுதான் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமான சட்டகம். பார்ப்பவர்களின் பொறுமை கருதி, பாதித் தொடர் முடிவதற்குள் காதல் கைகூடிவிடுகிறது. அதற்குப் பிறகு, இருவருடைய இயல்பிலிருந்து பிறந்த தடைகள் எல்லாம் தீர்ந்துபோன நிலையில் இன்னும் ஏழெட்டு மணி நேரத்தை நிரப்ப வேண்டியிருப்பதால், எழுத்தாளர் வெளியிலிருந்து ஒரு தடையைக் கொண்டுவந்து வைக்கிறார்: தாயின் மிரட்டல், பழைய விபத்தின் குற்றவுணர்வு, திடீரென்று வந்த வெளிநாட்டு வேலை. பிரிவு வருவதில் எனக்கு வருத்தமில்லை. அதுவரை எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுச் செய்தவன், அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவளைக் கேட்காமலே எடுக்கிறான் என்பதுதான் வருத்தம். நம்ப முடியாத தற்செயலை நான் மன்னித்துவிடுவேன். ஒரு பாத்திரம் 13 மணி நேரம் யாராக இருந்ததோ அதை எழுத்தாளரே மறந்துவிடுவதை மன்னிக்க மாட்டேன். கீழே வரும் பதில்களிலும் என் அளவுகோல் இதுதான்.

கேள்வி: ஒரு விபத்தில் நினைவு போய், இன்னொரு விபத்தில் திரும்பி வருமா? (திருச்சி, மருத்துவ மாணவர்)

பதில்: வராது என்பது உங்களுக்கே தெரியும். 2002இல் கேபிஎஸ் தொலைக்காட்சியில் வந்து, அடுத்த ஆண்டு ஜப்பானின் என்எச்கே வழியாகக் கடல் கடந்து புகழ்பெற்ற 'விண்டர் சொனாட்டா'வில் நீங்கள் சொன்னதே நடக்கிறது. முதல் விபத்தில் நாயகன் நினைவை இழக்கிறான். தாயின் விருப்பப்படி அவனுக்கு வேறொருவனின் நினைவுகள் புகட்டப்படுகின்றன. நாயகியைக் காப்பாற்றப் போய் மீண்டும் வண்டியில் அடிபட்டதும் பழைய நினைவுகள் திரும்புகின்றன. தலையில் அடிபட்டவருக்கு விபத்தை ஒட்டிய நேரம் மறந்துபோவது இயல்பு. தான் யார் என்பதே மறந்து, மற்றத் திறமைகள் எல்லாம் அப்படியே இருப்பது மிக அரிது. இரண்டாவது அடி முதல் அடியைச் சரிசெய்வதில்லை.

இருந்தாலும் அத்தொடரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே மறதி கதையின் வேராக இருக்கிறது. முதற்காதலின் முகத்தோடு வந்து நிற்கும் அயலானை நேசிக்கலாமா என்ற கேள்வி அதிலிருந்துதான் எழுகிறது. 2009இல் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரிலோ, எல்லாத் தடைகளையும் தாண்டிய பிறகு கடைசிக் கட்டத்தில் நாயகன் நாயகியை மட்டும் மறக்கிறான். மூலமான ஜப்பானியச் சித்திரக்கதையிலும் அது உண்டு என்பதை ஒரு சமாதானமாக என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: காதலர்கள் இருவரும் உறவாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்ததுமே ஏன் உலகமே இடிந்ததுபோல் அழுகிறார்கள்? நம் ஊரில் அத்தை மகன் என்று தெரிந்தால் பாயசம் வைப்பார்கள். (திருநெல்வேலி)

பதில்: இதில் எழுத்தாளர்மீது குற்றமில்லை. உடன்பிறந்தவர்களோ என்ற சந்தேகம் வரும் கதைகளைத் தனியே வைத்துவிடுவோம். அந்த அழுகை எந்த ஊருக்கும் பொருந்தும். மற்ற உறவுகளில், நம்மிடம் பங்காளி முறையில் மணமில்லை, மாமன், அத்தை பிள்ளைகள் முறையுள்ளவர்கள். கொரியச் சட்டமோ எட்டாம் படி வரையுள்ள, அதாவது ஒரே எள்ளுத்தாத்தாவின் வழிவந்தவர்கள் வரையுள்ள இரத்த உறவினர் எவரும் மணப்பதைத் தடை செய்கிறது. அதற்கும் மேலாக, ஒரே குடும்பப் பெயரும் ஒரே குலப் பூர்வீக ஊரும் கொண்டவர்கள், எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் மணக்கக் கூடாது என்ற விதி இருந்தது. 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கி, 2005இல்தான் அது சட்டத்திலிருந்து நீங்கியது. குடும்பத் தலைவரின் கீழ் எல்லாரையும் பதியும் பதிவேட்டு முறையும் 2008இல்தான் மறைந்தது. 'பிறப்பின் இரகசியம்' அவர்களுடைய தொடர்களில் அத்தனை கனமாக விழுவதற்கு இந்தப் பின்னணி உண்டு. ஆனால் மருத்துவமனையில் குழந்தை மாறிய கதை நான்காவது தொடரிலும் வந்தால் அதை வெறும் பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: முதல் நான்கு எபிசோடு செதுக்கி வைத்ததுபோல் இருக்கிறது. பிறகு யார் எழுதினார்கள் என்றே தெரியவில்லை. இது எப்படி நடக்கிறது? (கோவை)

பதில்: பெரும்பாலும் அதே எழுத்தாளர்தான், தூக்கமில்லாமல் எழுதியிருப்பார். கொரியத் தொடர்களில் ஒரே முதன்மை எழுத்தாளர் முழுக்கதையையும் சுமப்பது வழக்கம். காதல் தொடர்களில் அவர்களில் பலர் பெண்கள். நெடுங்காலமாக, முதல் சில எபிசோடுகளை மட்டும் முன்னதாகப் படமாக்கிவிட்டு, மற்றவற்றை ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்தார்கள். படப்பிடிப்புத் தளத்துக்கு அன்றன்று துண்டு துண்டாக வரும் பக்கங்களுக்கு 'ஜோக்தேபோன்' என்றே பெயர் உண்டு. பார்வையாளர் எண்ணிக்கை நன்றாக இருந்தால் தொடரை நீட்டுவார்கள். 20 எபிசோடாகத் திட்டமிடப்பட்ட 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்' 21 ஆனது. முடிந்த கதையில் இப்படி ஒரு மணி நேரம் சேர்க்கப்படும்போது அதை எதைக் கொண்டு நிரப்புவார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

2011 ஆகஸ்டில் 'ஸ்பை மியோங்வோல்' தொடரின் நாயகி ஹான் யே-சுல் படப்பிடிப்பை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போனார். அந்த வாரம் ஒரு நாள் புதிய எபிசோடை ஒளிபரப்ப முடியவில்லை. சில நாட்களில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டாலும், அந்த வேலைமுறையின் கடுமையைப் பற்றி அவர் எழுப்பிய குரல் சரியானது என்றே நினைக்கிறேன். 2018இல் வாரத்துக்கு 52 மணி நேர வேலை வரம்புச் சட்டம் வந்தது. இணையத் தளங்கள் முழுத் தொடரையும் முன்கூட்டியே கேட்பதாலும் நிலைமை மாறிவருகிறது.

ஆனால் முன்கூட்டியே எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். 2016இல் வந்த 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' சீனாவிலும் ஒரே நேரத்தில் வெளியாக வேண்டியிருந்ததால் ஒளிபரப்புக்கு முன்பே முழுவதுமாகப் படமாக்கப்பட்டது. அதிலும் கடைசி எபிசோடுகளில், இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டவன் ஓராண்டு கழித்து உயிரோடு வந்து நிற்கிறான். அங்கே கால நெருக்கடி இல்லை. இன்னொரு முறை அழ வைக்கலாம் என்ற ஆசைதான் இருந்தது.

கேள்வி: வாடகை கொடுக்க முடியாத நாயகியிடம் விலையுயர்ந்த கைப்பேசி, ஒவ்வொரு காட்சியிலும் புதுக் கோட்டு! (சென்னை)

பதில்: விளம்பரம்தான். தொடருக்குள் பொருட்களைக் காட்டி விளம்பரம் செய்வதை 2010இல் சட்டப்படி அனுமதித்தார்கள். பொது அலைவரிசைகளில் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பர இடைவேளை விட 2021 ஜூலை வரை அனுமதி கிடையாது. எனவே பணம் கதைக்குள்ளேயே நுழைந்தது. மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுத் தொடரிலேயே, காரைத் தானியங்கி ஓட்டத்தில் விட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையிலிருந்தவன் முத்தமிடும் காட்சி வந்து, அங்கேயே கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. ஒழுக்கமான இராணுவ வீரன் என்று நமக்குக் காட்டப்பட்ட பாத்திரம் அது. காருக்காக அவனுடைய இயல்பை விற்றுவிட்டார்கள்.

கேள்வி: ஒரு பெண் ஏதோ ஒரு சாதாரண வாக்கியம் சொல்கிறாள், அலுவலகமே திகைத்து நிற்கிறது. ஆங்கில வசன வரியில் ஒன்றுமே இல்லை. இதுவும் மோசமான எழுத்துதானே? (யாழ்ப்பாணம்)

பதில்: இல்லை, இங்கே எழுத்தாளருக்காக வாதாடுவேன். அவள் "நீங்கள்" என்பதிலிருந்து "நீ" என்பதற்கு இறங்கியிருப்பாள். கொரிய மொழியில் வினைமுற்றின் ஈறே மரியாதையைக் காட்டும். மரியாதைப் பேச்சு 'ஜோந்தேமால்', நெருங்கியவர்களிடமும் இளையவர்களிடமும் பேசுவது 'பன்மால்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அந்தக் காட்சியின் உயிர் மொழிபெயர்ப்பிலேயே போய்விடுகிறது. தமிழ் இதைத் தாங்கும். "வாருங்கள்" என்று பத்து எபிசோடு பேசியவள் ஒரு நாள் "வா" என்றால், நமக்கு விளக்கம் தேவைப்படாது. அண்ணனையோ நெருங்கிய மூத்த ஆணையோ பெண்கள் அழைக்கும் 'ஓப்பா' என்ற சொல்லால் அவள் முதன்முதலாக அழைக்கும் இடத்தில் வசன வரி அவன் பெயரை மட்டும் போட்டால், அவன் ஏன் சிரிக்கிறான் என்பது நமக்குப் புரியாமல் போகிறது. ஆங்கில வரிகளை நம்பிப் பார்க்கும் நம்மவர்கள் இதனால் இழப்பது மிக அதிகம்.

கேள்வி: நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவது எப்போது நிற்கும்? (ஈரோடு)

பதில்: அண்மைத் தொடர்களில் குறைந்திருக்கிறது. அது வன்முறை, பின்னணி இசை போட்டதால் காதல் ஆகிவிடாது.

கேள்வி: பாராகிளைடரில் பறந்தவள் சூறைக்காற்றில் சிக்கி வட கொரியாவில் விழுகிறாள் என்பதை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்? (சிங்கப்பூர்)

பதில்: மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' தன் மிகப்பெரிய பொய்யை முதல் எபிசோடிலேயே நம் முன் வைத்துவிட்டு, அதன் பிறகு நேர்மையாக நடக்கிறது. வட கொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் அதன் எழுத்துப் பணியில் உதவியதால், மின்சாரம் போய் வெட்டவெளியில் நின்றுவிடும் ரயிலும், அங்கே குளிரில் போர்வையும் உணவும் விற்க ஓடிவரும் மக்களும் கதைக்குள் வந்தார்கள். முக்கியமாக, அந்தக் காதலர்களின் பிரிவுக்கு யாரும் பொய்க் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. இராணுவ எல்லைக் கோடு இருக்கிறது. அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் அந்தப் பக்கத்தவரோடு தொடர்பு வைக்கத் தென் கொரியச் சட்டம் விடுவதில்லை. பேசித் தீர்க்க முடியாத தடை அது. சுவிட்சர்லாந்தில் இருவரும் முன்பே ஒருமுறை சந்தித்திருந்தார்கள் என்று சேர்த்தது மட்டும் தேவையற்றது. விதி என்று ஒன்றைக் காட்டாமலே அந்தக் காதலை நான் நம்பியிருப்பேன்.

கேள்வி: நீங்கள் பார்த்தவற்றில் மன்னிக்கவே முடியாத முடிவு எது? (மதுரை வாசகி மீண்டும்)

பதில்: 2004இல் வந்த 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்'. தென் கொரியாவில் 50 சதவீதத்தைத் தாண்டிய பார்வையாளர்களைப் பெற்ற தொடர். கடைசியில், நாம் பார்த்தது அனைத்தும் நாயகி எழுதிய திரைக்கதை என்று தெரிகிறது. அங்கே எழுந்த கண்டனம் பெரிது. பல வாரங்களாக அவர்களோடு அழுது சிரித்தவர்களிடம், அப்படி யாருமே இல்லை என்று சொன்னால் வேறென்ன நடக்கும்? நான் அதைப் பிறகுதான் பார்த்தேன். முடிவு தெரிந்த பிறகும் இருமுறை மறுபடி பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கடைசி எபிசோடுக்கு முன்னதாகவே நிறுத்திவிட்டேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.